வீட்டுப் படிப்பும் பொது மைதானமும்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பது 1993-க்குள் 50 மாகாணங்களிலும் சட்டப்படி அனுமதிக்கப்பட்டுவிட்டது. வீட்டில் கணக்குக் கற்கலாம், இலக்கணம் கற்கலாம். ஆனால் பதினொருவர் கூடி ஆடும் பந்தாட்டத்தையும், பலர் கூடி வாசிக்கும் வாத்திய கோஷ்டியையும் தாய் தகப்பன்மார் வீட்டுக்குள் எப்படிக் கொடுக்க முடியும்?

புளோரிடா மாகாணம் 1996-ல் இதற்கு வழி செய்தது. வீட்டில் படிக்கும் பிள்ளையும் சர்க்கார் பள்ளியின் ஆட்டபாட்டங்களில் சேரலாம்; ஆனால் படிப்பில் தேர்ச்சி காட்ட வேண்டும், நடத்தையில் மற்றப் பிள்ளைகளுக்குள்ள விதிக்கே உட்பட வேண்டும் என்று சட்டம் இயற்றியது. அப்படிச் சேர்ந்து ஆடிய டிம் டீபோ, 2007-ல் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் பெரும் பரிசாகிய ஹைஸ்மனைப் பெற்றார்.

வர்ஜீனியாவிலோ, 2015-ல் சட்டசபை இதே மாதிரி மசோதாவை நிறைவேற்றியும் கவர்னர் மறுத்துவிட்டார். ஆட்டத்தில் சேருவது பள்ளி விதிகளை நிறைவேற்றும் மாணவர்களுக்கே உரிய சலுகை என்பது அவர் வாதம். விதி வேண்டுமென்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். புளோரிடா விதி வைத்துத்தானே கதவைத் திறந்தது? அப்படியிருக்க, விதியைக் காட்டிக் கதவை மூடுவானேன்? பள்ளி வேண்டாமென்று தீர்மானிப்பவர்கள் பெரும்பாலும் பெற்றோர்களே. அவர்கள் முடிவுக்காகப் பிள்ளையைத் தண்டிப்பது நியாயமாகுமா?

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. தங்கள் மதத்தார் பிள்ளைகளோடு மாத்திரமே விளையாட விடுவது, வீட்டுச் சுவரை மைதானம் வரை நீட்டுவதேயாகும். பல வீட்டுப் பிள்ளைகளோடும் பழகி, வாதாடி, தோற்று, ஜெயித்தால்தான் பிறரும் தன்னைப்போல் மனிதரே என்ற அறிவு பிள்ளைக்கு உண்டாகும். ஆதலால் சர்க்கார் மைதானத்தைத் திறந்துவிட வேண்டும். பெற்றோர்களும் பிள்ளையைத் தயங்காமல் அங்கே அனுப்ப வேண்டும்.