ஊதச் சொல்லும் யந்திரம்

சனிக்கிழமை இரவு அவிநாசி ரோட்டில் காரில் திரும்புகிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. போலீஸ்காரர் வண்டியை ஓரம் கட்டச் சொல்கிறார். கைக்கு அடக்கமான ஒரு கருவியை நீட்டி, "ஊதுங்க சார்" என்கிறார். பக்கத்தில் இருக்கும் சம்சாரத்துக்குத்தான் முகம் சுண்டிப் போகிறது. "ஏனுங்க, இவரைப் பார்த்தாக் குடிக்கிறவராட்டமா தெரியுது?" என்று கேட்க நாக்குத் துடிக்கும். கோபித்துக்கொள்ள வேண்டாம், அம்மா!

1937-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, போலீஸ்காரரின் மூக்குதான் யந்திரம். 1954-ல் அமெரிக்காவில் இந்தியானா போலீஸைச் சேர்ந்த போர்க்கன்ஸ்டைன் மூச்சை அளக்கும் பெட்டி ஒன்றைச் செய்தார். இன்று அந்த வேலையைக் கையளவுக் கருவியே செய்கிறது.

குடித்தது ரத்தத்தில் கலக்கிறது. ரத்தம் நுரையீரலுக்குப் போகிறது. அங்கே கொஞ்சம் மூச்சோடு வெளியே வருகிறது. கருவிக்குள் இருக்கும் பிளாட்டினத் தகட்டில் அது பட்டதும் சிறிது மின்சாரம் பிறக்கிறது. சாராயம் அதிகமானால் மின்சாரமும் அதிகம். ஆகவே ஏலக்காய், கிராம்பு, வெற்றிலை எல்லாம் மூக்கைத்தான் ஏமாற்றும். இதைப் படித்துச் சில கணவன்மார்கள் மனம் வாடினால் நான் பொறுப்பல்ல.

ஆனால் நிரபராதியும் அகப்படலாம். திராட்சாரிஷ்டம், சில இருமல் டானிக்குகள், வாய் கொப்பளிக்கும் மருந்து இவற்றில் சாராயம் உண்டு. விழுங்கிய கையோடு ஊதினால், வாயில் ஒட்டியிருப்பதே எண்ணைத் தூக்கிவிடும். தண்ணீரில் வாயைக் கொப்பளித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி ஊத மரியாதையாகக் கேளுங்கள். ஊதுகுழல் புதிதா, ஊதுவதற்கு முன் கருவி பூஜ்யம் காட்டுகிறதா என்றும் பாருங்கள்.

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவின்படி, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. இந்தக் குற்றத்துக்காகக் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டர் பரிசோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். ஊத மாட்டேன் என்று முரண்டு பிடிப்பதில் பிரயோஜனமில்லை. அதுவே எதிரான சாட்சியாகிவிடும்.

எனக்கு ராத்திரியைவிடக் காலை நேரம்தான் கவலை. உடம்பு ஒரு மணி நேரத்தில் சுமார் 15 மில்லிகிராமைத்தான் கழிக்கும். இரவு 11 மணிக்கு 160 இருந்த டிரைவருக்குக் காலை 7 மணிக்கும் 40 பாக்கி நிற்கும்! அவர் குளித்து, விபூதி பூசி, ஸ்ட்ராங்காகக் காப்பி குடித்திருப்பார். தூக்கம் கலையுமே தவிர, அந்த 40 இறங்காது. நம் குழந்தைகள் ஏறும் பள்ளிக்கூட வேன் புறப்படுவதும் அந்த 7 மணிக்குத்தானே? வேன்காரரிடம் இந்தக் கருவி ஒன்று வாங்கி வைக்கும்படி நாலு தாய்மார்கள் சேர்ந்து கேட்டால் தட்ட மாட்டார். அதுவரை, டிரைவரின் கண்ணும் பேச்சும் சரியில்லை என்று பட்டால் குழந்தையை ஏற்றாதீர்கள். ஒரு நாள் பள்ளிக்கூடம் போகாவிட்டால் ஒன்றும் முழுகிவிடாது.