மடையைத் திறக்குமுன் கரையைப் பார்!

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் என்ன கேட்கிறார்கள்? "எவ்வளவு வேகம்?" என்று கேட்கிறார்கள். அடுத்தபடியாக, "விலை என்ன?" என்று கேட்கிறார்கள். "இந்த வேகத்தை எந்த மதர்போர்டு தாங்கும்?" என்று கேட்பவரைக் காண்பது அரிது.

அந்தக் கேள்வியைக் கேட்காததால் எங்கள் வீட்டில் ஒரு நஷ்டம் வந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். என் அபிப்பிராயத்தைப் பிறகு சொல்கிறேன்.

என் தங்கை மகன் நாகர்கோவிலில் கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கிறான். எடுத்த படத்தை வீட்டிலேயே கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிச் சீராக்கிக் கொடுப்பான். நாஞ்சில் நாட்டில் மாமன் சொத்து மருமகனுக்குப் போன காலம் ஒன்று உண்டு. அந்த வழக்கம் எப்போதோ ஒழிந்தது. மருமகனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு மட்டும் எனக்கு மிஞ்சியது!

கையிலிருந்த பணத்தில் பெரும் பகுதியைப் பிராஸஸருக்குக் கொட்டினோம். மீதியில் கிடைத்தது கடையிலேயே மலிவான மதர்போர்டு. "போர்டு எதுவானால் என்ன மாமா, மூளைதானே முக்கியம்?" என்றான். நானும் தலையாட்டினேன்.

அதோடு நிற்கவில்லை. பிராஸஸரின் வேகத்தைக் கூட்டினான். மெமரியின் வேகத்தையும் அதன் மேல் அச்சிட்டிருந்த அளவுக்கு மேலே ஏற்றினான். இரண்டு மாதம் இயந்திரம் சிட்டாகப் பறந்தது. மூன்றாவது மாதம் ஐப்பசி. தோவாளையில் ஒரு கல்யாணம். கேமரா கார்டிலிருந்த படத்தையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, மறுநாள் மார்த்தாண்டம் கல்யாணத்துக்காக அந்தக் கார்டுகளைத் துடைத்து வைத்துக்கொண்டான். நாலு நாள் கழித்துத் திறந்தால், தாலி கட்டும் இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கிறது!

"எல்லாம் போச்சு மாமா" என்று வந்து நின்றான்.

"என்ன மக்களே ஆச்சு?" என்று கேட்டபடி போய்ப் பார்த்தேன். மெமரியைச் சோதிக்கும் புரோகிராமை ஓட்டினோம். பிழை மேல் பிழை. வேகத்தைப் பழைய நிலைக்குக் குறைத்தோம். ஒரு பிழைகூட இல்லை. குற்றவாளி அகப்பட்டுவிட்டான், போன படம் அகப்படவில்லை.

வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். பெண்ணின் தாயார், "பணம் கிடக்கட்டும் தம்பி, அந்த நிமிஷம் திரும்பி வருமா?" என்று கேட்டார். இரண்டு பேரும் தலை குனிந்து திரும்பினோம்.

வேகம் கூட்டுவது எப்படி?

பிராஸஸர் ஒரு கடிகாரத் துடிப்புக்குக் கட்டுப்பட்டு வேலை செய்கிறது. 4 கிகா ஹெர்ட்ஸ் என்றால் ஒரு வினாடிக்கு 400 கோடித் துடிப்பு. 100 மெகா ஹெர்ட்ஸ் என்ற அடிப்படைத் துடிப்பை 40 என்ற பெருக்கியால் பெருக்கி இந்த வேகத்தை உண்டாக்குகிறார்கள். பெருக்கியை 43 ஆக்கினால் 430 கோடி. இப்படி, தயாரித்தவர் நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான் ஓவர்கிளாக்கிங்.

இது ஒரு காலத்தில் ஏழையின் லாபமாக இருந்தது. 1998-ஆம் ஆண்டில் இன்டெல் கம்பெனி 'செலரான் 300ஏ' என்ற மலிவுப் பிராஸஸரை வெளியிட்டது. அதன் வேகம் 300 மெகா ஹெர்ட்ஸ். நல்ல மதர்போர்டில் பொருத்தி, அடிப்படைத் துடிப்பை 66-லிருந்து 100 ஆக்கினால், பெரும்பாலானவை 450 மெகா ஹெர்ட்ஸில் ஓடின. அன்றைய விலை உயர்ந்த பென்டியத்தின் வேகம் அது! ஒன்றுக்கு ஒன்றரைப் பங்கு லாபம். அந்தக் கதையைக் கேட்டுத்தான் இன்றைய பிள்ளைகளுக்கும் ஆசை வருகிறது.

ஆனால் காலம் மாறிவிட்டது. எப்படி?

முதலாவது, பூட்டு. 2011 முதல் இன்டெல் டெஸ்க்டாப் பிராஸஸர்களில் பெரும்பாலும் பெயரின் கடைசியில் 'கே' என்ற எழுத்து உள்ளவற்றுக்குத்தான் பெருக்கி திறந்திருக்கிறது. அதை முழுமையாகத் திருப்ப 'இசட்' வரிசை மதர்போர்டும் வேண்டும். இரண்டுமே விலை கூடியவை. 2015-ஆம் ஆண்டின் இறுதியில் சில போர்டு கம்பெனிகள் சாதாரணப் பிராஸஸர்களையும் வேகமாக்கும் ஒரு சந்து வழியைத் திறந்தன. சில வாரங்களிலேயே அந்த வழி அடைக்கப்பட்டது. ஏ.எம்.டி. கம்பெனி இந்த விஷயத்தில் தாராளம். அதன் 'பி' வரிசைப் போர்டுகளில் வேகத்தைக் கூட்டலாம். 'ஏ' வரிசையில் பிராஸஸரின் வேகத்தைக் கூட்ட வழியில்லை.

இரண்டாவது, மிச்சம் இல்லை. அந்தக் காலத்துப் பிராஸஸரில் விற்காத வேகம் ஒளிந்திருந்தது. இப்போது பிராஸஸரே உஷ்ணத்தையும் மின்சாரத்தையும் பார்த்து, தன் வேகத்தைத் தானே கூட்டிக்கொள்கிறது. சட்டியில் இருந்ததைத் தயாரித்தவரே அகப்பையால் வழித்துவிட்டார். நாம் சுரண்டினால் வருவது கொஞ்சம். சட்டி ஓட்டையாவது நிச்சயம்.

ஆக, பணக்காரனிடமிருந்து வேகத்தைப் பறிக்கும் உபாயமாக இருந்தது, இன்று பணக்காரனின் பொழுதுபோக்காகிவிட்டது. ஓவர்கிளாக்கிங் தாங்கும் போர்டுக்கும் சாதாரணப் போர்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில், அநேகமாக அடுத்த படிப் பிராஸஸரையே வாங்கிவிடலாம். வரவு எட்டணா, செலவு பத்தணா என்பது இதுதானே?

கரை தாங்குமா?

1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் எவ்வளவு இருந்தாலும், அனந்தனார் கால்வாயில் அதன் கரை தாங்கும் அளவுக்குத்தான் திறந்துவிட முடியும். அதிகம் திறந்தால் வயல் விளையாது, கரை உடையும். மதர்போர்டும் ஒரு கால்வாய்தான்.

பிராஸஸருக்குப் பக்கத்தில் போர்டின் மேல் சிறு சிறு கறுப்புச் சதுரங்களும் பெட்டிகளும் வரிசையாக இருக்கும். அதுதான் மின்சாரம் வழங்கும் பகுதி. பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டை அது சுமார் 1.2 வோல்ட்டாகக் குறைத்துப் பிராஸஸருக்குக் கொடுக்கிறது. 65 வாட் பிராஸஸருக்கு 1.2 வோல்ட்டில் 54 ஆம்பியர் வேண்டும். வீட்டில் சட்னி அரைக்கும் 750 வாட் மிக்ஸி இழுப்பதோ மூன்றேகால் ஆம்பியர்! வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏறும். ஆம்பியர் ஏறினால் உஷ்ணம் ஏறும்.

வேகத்தைக் கூட்டினால் வோல்டேஜையும் கூட்ட வேண்டி வரும். வேகத்தில் 10 சதவிகிதம், வோல்டேஜில் 10 சதவிகிதம் என்று வையுங்கள். மின்செலவு 10 சதவிகிதமா கூடும்? இல்லை. 33 சதவிகிதம் கூடும்! ஏனென்றால் வோல்டேஜ் கூடுவது இரட்டிப்பாகக் கணக்கில் வருகிறது. பத்தில் ஒரு பங்கு வேகத்துக்காக மூன்றில் ஒரு பங்கு அதிக மின்சாரம். அத்தனையும் அந்தச் சிறு சதுரங்கள் வழியாகத்தான் போக வேண்டும். மலிவான போர்டுகளில் அவற்றின் மேல் உஷ்ணத்தை வாங்கும் அலுமினியக் கட்டிகூட இருப்பதில்லை.

பெரிய கம்பெனிகளே இதில் சறுக்கியிருக்கின்றன. 2023-ல் ஏ.எம்.டி.யின் 'ரைசன் 7000 எக்ஸ் 3டி' பிராஸஸர்கள் சில கருகின. மெமரி வேகத்தைக் கூட்டும் அமைப்பைப் போட்டால் சில போர்டுகள் அளவுக்கு மேல் வோல்டேஜ் கொடுத்தன. பிறகு அந்த வோல்டேஜுக்கு 1.3 என்று வரம்பு கட்டினார்கள். 2024-ல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறைப் பிராஸஸர்கள் பல நிலைகுலைந்தன. வோல்டேஜ் மிகுதியே காரணம் என்று அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, கியாரண்டியையும் மேலும் 2 ஆண்டு நீட்டியது. ஆனைக்கே அடி சறுக்கும் இடத்தில் பூனை ஓடலாமா?

நம் ஊர்க் காற்று

குமரி மாவட்டத்துக்குத் தனிக் கஷ்டங்கள் உண்டு. இரண்டு பருவமழையும் நமக்குண்டு. குளச்சலிலும் முட்டத்திலும் கதவுத் தாழ்ப்பாளைப் பாருங்கள். உப்புக் காற்று இரும்பை என்ன செய்கிறது என்பது தெரியும். அதே காற்றைத்தான் கம்ப்யூட்டரின் விசிறி உள்ளே இழுத்துப் போர்டின் மேல் ஊதுகிறது. ஐப்பசி இடியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

போர்டிலுள்ள கெபாசிட்டர்களுக்கு உஷ்ணம் சத்துரு. திரவம் அடைத்த சாதாரண வகையானால், உஷ்ணம் 10 டிகிரி ஏறும்போது ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. வெளியே 33 டிகிரி, மூடிய அறை, மேலே ஓட்டுக்கூரை, உள்ளே ஓவர்கிளாக் செய்த பிராஸஸர். ஆயுள் என்ன ஆகும்?

எதைப் பார்த்து வாங்குவது?

என்னைக் கேட்டால், குறைந்த பணத்தில் வாங்குகிறவர்கள் ஐந்து விஷயம் பார்த்தால் போதும்.

ஒன்று: பிராஸஸரை ஒரு படி குறைத்தாலும் போர்டை ஒரு படி கூட்டுங்கள். மின்சாரம் வழங்கும் பகுதியின் மேல் அலுமினியக் கட்டி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

இரண்டு: நீங்கள் வாங்கும் பிராஸஸர் அந்தப் போர்டுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று: நாளைக்கு வேறு பிராஸஸர் மாற்ற இடமுண்டா என்று கேளுங்கள். 2017-ல் முதல் ரைசனுக்காக வாங்கிய 'ஏ.எம்.4' போர்டுகள் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்து, 2020-ல் வந்த ரைசன் 5000 வரிசையையும் பொருத்த முடிந்தது. வேகம் வேண்டுமென்றால் இதுதான் கௌரவமான வழி.

நான்கு: கியாரண்டி எத்தனை வருஷம், பழுதானால் போர்டை எங்கே கொடுக்க வேண்டும் என்று பில் போடுமுன் கேளுங்கள்.

ஐந்து: மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு யு.பி.எஸ். வாங்குங்கள். வீட்டின் எர்த் இணைப்பைச் சோதியுங்கள். இடி கேட்டால் பிளக்கைப் பிடுங்குங்கள். இன்டர்நெட் வயரையும் சேர்த்து!

மெமரிக்கு மட்டும் ஒரு வார்த்தை. 3200 என்று எழுதியிருக்கும் மெமரி, பயாஸில் அதற்குரிய அமைப்பைப் போடாவிட்டால் குறைந்த வேகத்தில் ஓடுவதுண்டு. போர்டு அனுமதித்தால் எழுதியுள்ள அளவுக்கு வையுங்கள். வைத்துவிட்டு ஓர் இரவு முழுக்கச் சோதனை புரோகிராமை ஓட்டுங்கள். ஒரு பிழை வந்தாலும் இறக்கிவிடுங்கள். ஓடுகிறது என்பதும் சரியாக ஓடுகிறது என்பதும் ஒன்றல்ல. புகை வந்தால் நிறுத்திவிடலாம். புகையில்லாமல் வரும் பிழைதான் குடியைக் கெடுக்கும்.

அப்படியானால் பிள்ளைகள் ஓவர்கிளாக்கிங் பக்கமே போகக்கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். மாணவன் ஒருவன் பழைய இயந்திரத்தில் வேகத்தைக் கூட்டி, வோல்டேஜை அளந்து, உஷ்ணத்தைக் குறித்துப் பார்த்தால், அது நல்ல பாடம். கெட்டுப்போனாலும் பாடம்தான். ஆனால் அடுத்தவர் வீட்டுத் தாலிகட்டு அடங்கிய இயந்திரம் பரிசோதனைச்சாலை அல்ல.

கம்பெனிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மதர்போர்டுப் பெட்டியில் டிராகனும் மின்னலும் வரைகிறீர்கள். வண்ண விளக்கு எத்தனை என்று எழுதுகிறீர்கள். இந்தப் போர்டு எத்தனை ஆம்பியரை விடாமல் தாங்கும் என்று பெட்டியின் மேல் ஏன் எழுதுவதில்லை? அரிசி மூட்டையில் எடை எழுத வேண்டும். மோட்டார் பம்பில் குதிரைச் சக்தி எழுத வேண்டும். இதற்கு மட்டும் விலக்கு ஏன்? விற்கிற கடைக்காரர்களும், "என்ன பட்ஜெட்?" என்பதோடு, "என்ன வேலைக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டால் பல குடும்பங்களுக்குப் புண்ணியம்.

மருமகனுக்கு இப்போது வேறு போர்டு வாங்கியாகிவிட்டது. ஆடம்பரமில்லாத போர்டு. வேகம் கம்பெனி வைத்த வேகம். முன்பு அரை மணியில் முடிந்த வேலைக்கு இப்போது இரண்டு மூன்று நிமிஷம் கூடுதலாகிறது. அந்த நேரத்தில் ஒரு டம்ளர் காப்பி குடிக்கிறான். கேமரா கார்டை மட்டும், படம் இரண்டு இடத்தில் பத்திரமாக ஏறிவிட்டதைப் பார்த்த பிறகே துடைக்கிறான்.

அந்தப் புத்தி கடையில் விற்பதில்லை. நாங்கள் அதற்குக் கொடுத்த விலையை நீங்களும் கொடுக்க வேண்டாம்.