எண்ணெயை நிறுத்தியும் ஈரலில் கொழுப்பா?

ஈரலில் கொழுப்புப் படிந்திருப்பதாக ஸ்கேன் அறிக்கை சொன்னதும் நம் வீடுகளில் முதலில் நிறுத்தப்படுபவை தேங்காய்ப்பாலும் எண்ணெயும்தான். சீனிப் போத்தல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். நாளைக்கு ஐந்து கோப்பைத் தேநீர், கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் அதுவே 40 கிராமைத் தொட்டுவிடும்.

சகோதரிகளே, ஈரல் கொழுப்பைச் சேமிப்பது மட்டுமல்ல, தயாரிக்கவும் செய்கிறது. சோறு, பாண், சீனி என்பவற்றிலிருந்து வரும் குளுக்கோசு தேவைக்கு மிஞ்சினால் அதில் ஒரு பகுதி அங்கே கொழுப்பாகிறது. இவ்வேலையைச் செய்பவை சில நொதியங்கள். அவற்றுள் முக்கியமானது கொழுப்பமிலத் தொகுப்பு நொதியம். இரண்டு காபன் கொண்ட துண்டுகளை மாலைபோலக் கோத்து, பதினாறு காபன் கொண்ட கொழுப்பமிலத்தை இது உருவாக்குகிறது. இன்சுலின் கூடும்போது இந்நொதியமும் கூடும். சீனியில் பாதியாக உள்ள பிரக்டோசும் ஈரலில் எளிதாகக் கொழுப்பாக மாறக்கூடியது.

நீரிழிவை நோக்கிச் செல்லும் உடலில் இன்னொரு சிக்கல் உண்டு. "குளுக்கோசை வெளிவிடாதே" என்ற இன்சுலினின் கட்டளையை ஈரல் சரியாகக் கேட்பதில்லை. "கொழுப்பை உண்டாக்கு" என்பதை மட்டும் கேட்கிறது. அதனால் இரத்தத்தில் சீனியும் ஈரலில் கொழுப்பும் சேர்ந்தே ஏறுகின்றன.

கொழுப்பு ஈரல் உள்ளவர்களிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஈரல் கொழுப்பில் 26 சதவீதம் ஈரலே புதிதாக உண்டாக்கியது. உணவிலுள்ள கொழுப்பிலிருந்து நேரடியாக வந்தது 15 சதவீதமே. மீதிப் பெரும்பகுதி உடற்கொழுப்பிலிருந்து இரத்தம் வழியாக வந்தது.

அப்படியானால் அந்த நொதியத்தையே இல்லாமற் செய்துவிட்டால் என்ன? செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எலிகளின் ஈரலில் அதைச் செய்து பார்த்து, 2005இல் முடிவை வெளியிட்டனர். அந்த எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்தபோது ஈரலில் கொழுப்பு ஏறியது. இரத்தச் சீனி இறங்கியது. பழைய கொழுப்பை எரிக்கும்படி ஈரலுக்குச் சொல்வதற்குப் புதிய கொழுப்பு தேவை என்று விளங்கியது. உணவில் கொழுப்பைச் சேர்த்ததும் நிலைமை சீரானது. எலிக்குக் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் அந்த நொதியம் நமக்கு எதிரியல்ல என்பது தெளிவு. அதற்கு ஓயாமல் வேலை கொடுக்கும் மிதமிஞ்சிய சீனியும் மாவுமே குறைய வேண்டியவை.

எனவே தேநீர்ச் சீனியைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். சர்பத்தையும் சோடாவையும் விருந்து நாளுக்கு மட்டும் வையுங்கள். பழத்தைச் சாறாக்காமல் பழமாகவே உண்ணுங்கள். தட்டில் சோற்றைக் குறைத்து, கீரையும் மரக்கறியும் பருப்பும் கூட்டுங்கள். தினமும் அரை மணி நேரம் நடவுங்கள். 70 கிலோ எடையுள்ளவர் மூன்றரைக் கிலோ குறைந்தாலே ஈரல் கொழுப்புக் குறையத் தொடங்கும். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், உணவை மாற்றுமுன் வைத்தியரிடம் மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்வது அவசியம்.