பிள்ளைகளின் பற்சொத்தையும் அரசின் கடமையும்

பல்வலி என்று அழும் பிள்ளையின் வாயில் கிராம்பை வைத்துப் பள்ளிக்கு அனுப்பும் வீடுகள் இன்றும் பல. பல்நோய் ஆளைக் கொல்லாது என்னும் எண்ணம் பெற்றோரிடம் மட்டுமன்று. திட்டம் தீட்டுவோரிடமும் ஊறிக் கிடக்கிறது. இந்தியப் பல்மருத்துவ மன்றம் 2002-2003இல் நாடளாவ நடத்திய கணக்கெடுப்பில், 12 அகவைப் பிள்ளைகளுள் 53.8 விழுக்காட்டினர்க்கும், 15 அகவையினருள் 63.1 விழுக்காட்டினர்க்கும் சொத்தை காணப்பட்டது. அந்த அகவையில் கெடுபவை விழுந்து முளைக்கும் பாற்பற்கள் அல்ல. போனால் மீளாத நிலைப்பற்கள்!

சொத்தைக்குக் கரணியம் புழு அன்று. பல்லின்மேல் படியும் நுண்ணுயிர்கள் சருக்கரையைக் காடியாக்க, அக்காடி பற்சிப்பியின் சுண்ணத்தைக் கரைக்கிறது. சுவீடன் நாட்டு வீப்பகோல்ம் மருத்துவமனையில், 1945 தொடங்கிச் சில ஆண்டுகள், மறுக்கவும் அறியாத மனவளர்ச்சி குன்றியோர்க்கு ஒட்டும் இனிப்புகளைத் தின்னக் கொடுத்து அவர்தம் பற்கள் கெடுவதை அளந்தனர். மாந்தநேயமற்ற ஆய்வு அது. எனினும் அதனால் தெளிவான உண்மை ஒன்றுண்டு: உணவோடு சேர்த்துண்ணும் சருக்கரையினும், உணவுக்கிடையே அடுத்தடுத்து மெல்லும் ஒட்டினிப்பே பல்லை மிகுதியாய்க் கெடுக்கும். பள்ளி வாயிலிலேயே இனிப்பையும், புட்டியில் அடைத்த இனிப்புநீரையும் விற்க விட்டுவிட்டுப் பிள்ளையைக் கடிந்து என்ன பயன்?

இனி, மருந்து. அமெரிக்காவின் கிராண்டு இராபிட்சு நகரில் 1945இல் குடிநீரோடு புளோரைடைச் சிற்றளவு கலந்தனர். பிள்ளைகளின் சொத்தை பெரிதும் குறைந்தது. உடனே, "இங்கும் கலப்போம்" என்று கிளம்புவோர் தருமபுரியையும் கிருட்டிணகிரியையும் பார்த்துவிட்டு வரட்டும். அங்கு நிலத்தடி நீரிலேயே புளோரைடு மிகுந்து, பல்லில் பழுப்புக் கறை ஏறியும் எலும்பு இறுகியும் மக்கள் அல்லலுற்றனர். அத்துன்பத்தைத் தணிக்கவே காவிரிநீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஓரூர்க்கு மருந்தாவது மற்றோர் ஊர்க்கு நஞ்சு. மண்ணையும் நீரையும் அளந்து பாராமல் பிறர் திட்டத்தைப் படியெடுப்பது அறிவுடைமை ஆகாது. புளோரைடு கலந்த பற்பசையோ அளவோடு வெளியே பூசித் துப்பப்படுவது. 2021இல் உலக நலவாழ்வு நிறுவனம் அதனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

பிறரிடம் கற்கத்தக்கது வேறொன்று உண்டு. முதல் உலகப் போருக்குப் படைக்கு வந்த இளைஞர்தம் பற்களின் கேட்டைக் கண்டு விழித்த நியூசிலாந்து, 1921இல் பெண்களைத் தேர்ந்து பல்செவிலியராகப் பயிற்றத் தொடங்கியது. ஈராண்டுப் பயிற்சிக்குப்பின் அவர்கள் பள்ளிகளிலேயே அமர்ந்து சொத்தையைத் துளைத்து அடைத்தனர். (அந்நாட்டுப் பிள்ளைகள் அவ்விடத்துக்குக் "கொலைவீடு" என்றே பெயரிட்டனர் என்பது வேறு செய்தி!) இன்றும் அங்குப் பதினெட்டு அகவை நிறையும்வரை அடிப்படைப் பல்மருத்துவத்திற்குக் கட்டணம் இல்லை. வறிய குடும்பத்துப் பிள்ளைகளிடம் சொத்தை அங்கும் மிகுதிதான். ஆயினும் மருத்துவம் பிள்ளையைத் தேடிச் சென்றது. இந்தியாவிலோ முந்நூறுக்கும் மேற்பட்ட பல்மருத்துவக் கல்லூரிகள் உள்ளன, பெரும்பாலானவை தனியாருடையவை. பெரும்பொருள் கொட்டிப் படித்தவர் நகரத்தில் கடை விரிக்காமல் சிற்றூர்க்கா செல்வார்? நாட்டளவிலான வாய்நலத் திட்டமே 2014இல்தான் வந்தது. கல்லூரிகளின் எண்ணிக்கையைக் காட்டி அதனையே பல்நலம் என்பது, உழவனின் பசிக்குக் களஞ்சியத்தின் நீள அகலம் சொல்வது போன்றது.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புவரை நண்பகல் உணவு வழங்கப்படுகிறது. உணவு முடிந்து கைகழுவும் அந்தக் குழாயடியிலேயே, ஆசிரியர் கண்முன், பிள்ளைகள் பல் துலக்கலாம்; தனிக் கட்டடம் வேண்டா. ஆண்டுக்கொருமுறை வட்டார நலவாழ்வு நிலையத்திலிருந்து பயிற்சி பெற்ற ஒருவர் வந்து, 12 அகவையிலும் 15 அகவையிலும் ஒவ்வொரு வாயையும் பார்த்துக் கணக்கெழுதி, தொடக்கநிலைச் சொத்தையை அங்கேயே அடைக்கட்டும். பள்ளியைச் சுற்றி இனிப்புநீர் விற்பனையைத் தடுக்கும் ஆணையையும் அதனோடு இடட்டும். புளோரைடு மிக்க ஊர்களில் முதல் வேலை நல்ல குடிநீர். இத்துணைக்கும் ஆகும் செலவை, இனிப்பு விற்றுப் பொருள் குவிப்போரிடமிருந்தே வரியாகப் பெறுவதற்கு அரசுக்கு என்ன தடை?