'குட் ஜாப்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாமா?

வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகுதான் ஆன்லைன் பிசினஸ் கோர்ஸின் பிரசன்டேஷன் பதிவு ஆரம்பமாகும். மைக்கில் இரைச்சல் விழும் என்று ஃபேனை நிறுத்தியாயிற்று. அரிசி டப்பாமேல் இரண்டு புத்தகங்களை அடுக்கி, போனைச் சாய்த்து வைத்தாயிற்று. 'குட் ஈவினிங் எவ்ரிஒன்' என்று ஆறாவது முறையாகத் தொடங்கும்போது பக்கத்து அறையிலிருந்து அம்மாவின் குரல் வரும்: "இந்நேரத்துல யார்கூடப் பேசிட்டிருக்க?" அவ்வளவுதான், ஏழாவது டேக்!

இப்படி வியர்த்து விறுவிறுத்து எடுத்த நான்கு நிமிட வீடியோவை யார் பார்க்கப்போகிறார்கள்? பேராசிரியர் என்று நினைத்தால், இல்லை. அதே கோர்ஸைப் படிக்கும், முகம் தெரியாத இரண்டு மூன்று பேர்தான். பிரேசிலில் ஒருவர், எகிப்தில் ஒருவர், ஏன் மதுரையில் ஒருவராகவும் இருக்கலாம். அவர்கள் போடுவதுதான் மார்க். பதிலுக்கு இவரும் மூன்று பேரின் வீடியோவைப் பார்த்து மார்க் போட வேண்டும். இதைத்தான் பியர் ரிவ்யூ, அதாவது சக மாணவர் மதிப்பீடு என்கிறார்கள்.

கோர்ஸெராவில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் 'பிசினஸ் இங்கிலீஷ்: மேக்கிங் பிரசன்டேஷன்ஸ்' போன்ற கோர்ஸ்களில் இந்த முறை உண்டு. காரணம் எளிமையானது. 'சரியான விடையைத் தேர்ந்தெடு' வகைக் கேள்விகளைக் கம்ப்யூட்டர் நொடியில் திருத்திவிடும். பிரசன்டேஷனை ஒரு மனிதர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கானோர் படிக்கும் வகுப்பில் அத்தனை வீடியோக்களையும் பார்க்க ஆசிரியர்களால் எப்படி முடியும்? நம் ஊர் மாணவர்களுக்கு நன்றாகப் பழகிய என்.பி.டி.இ.எல். கோர்ஸ்களில் இந்தப் பிரச்னை பெரிதாக வராது. அங்கே 25 சதவிகிதம் அசைன்மென்ட், 75 சதவிகிதம் தேர்வு மையத்தில் எழுதும் பரீட்சை. பேசிக் காட்ட வேண்டிய கோர்ஸில்தான் சக மாணவரின் கண்ணும் காதும் தேவைப்படுகின்றன.

சரி, நம்மைப் போலவே தட்டுத்தடுமாறிப் படிப்பவர் போடும் மார்க்கை நம்பலாமா?

இதற்கு ஓரளவு பதில் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டின் ஸ்காட் கிளெம்மர் 2012-ல் ஆன்லைனில் நடத்திய டிசைன் வகுப்புதான், சக மாணவர் மதிப்பீட்டைப் பெரிய அளவில் பயன்படுத்திய முதல் ஆன்லைன் வகுப்பு. அது பிசினஸ் கோர்ஸ் அல்ல, ஆனால் முறை இதேதான். அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2013-ல் வெளியானது. அந்த வகுப்பு இரண்டாவது முறை நடந்தபோது, 42.9 சதவிகிதம் பேருக்குச் சக மாணவர்களால் கிடைத்த மார்க், ஆசிரியர் குழு போட்ட மார்க்கிலிருந்து 5 சதவிகித வித்தியாசத்துக்குள் இருந்தது. 10 சதவிகித வித்தியாசம் வரை போனால் 65.5 சதவிகிதம் பேர் அதற்குள் வந்துவிட்டார்கள். மோசமில்லை. ஆனால், மூன்றில் ஒருவருக்கு அதைவிடப் பெரிய வித்தியாசம் என்பதையும் கவனிக்க வேண்டும்.

அதே கட்டுரையில் இன்னும் இரண்டு சுவாரஸ்யங்கள். தங்களுக்குத் தாங்களே மார்க் போட்டுக்கொண்டபோது, சராசரியாக ஆசிரியர் குழுவைவிட 7 சதவிகிதம் தாராளமாகப் போட்டுக்கொண்டார்கள். அது எதிர்பார்க்கக்கூடியதுதான். இன்னொன்று: சொந்த நாட்டுக்காரருக்கு மற்ற நாட்டுக்காரரைவிட 3.6 சதவிகிதம் கூடுதல்! 'நம்ம ஊருப்பா' என்ற பாசம் உலகம் முழுக்க ஒன்றுதான் போலிருக்கிறது. 'நீங்கள் கொஞ்சம் தாராளமாகப் போடுகிறீர்கள்', 'நீங்கள் கறாராகப் போடுகிறீர்கள்' என்று மார்க் போட்டவர்களிடமே சொன்னபோது, அடுத்த முறை அவர்கள் போட்ட மார்க் துல்லியமானது என்பதும் அந்த ஆய்வில் தெரியவந்தது.

வேண்டுமென்றே ஒருவர் மார்க்கைக் குறைத்துவிட்டால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். கோர்ஸெராவில் சராசரியை எடுப்பதில்லை, இடைநிலை அளவை எடுக்கிறார்கள். மூன்று பேர் 10-க்கு 9, 8, 2 என்று போட்டால், வரிசையில் நடுவில் நிற்கும் 8-தான் மார்க். சராசரி எடுத்திருந்தால் 6.3 ஆகக் குறைந்திருக்கும். பொறாமைக்காரர் ஒருவரால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆக, மார்க் பெரிய சிக்கல் இல்லை. மார்க்குக்குக் கீழே 'உங்கள் கருத்தை எழுதவும்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, சிக்கல் அங்கேதான்.

கல்யாணச் சாப்பாடு மாதிரி கருத்து

'குட் ஜாப்', 'நைஸ்', 'வெல் டன்'. சிலர் ஒரு முற்றுப்புள்ளியை மட்டும் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கம் திறக்காது என்பதால் வைக்கப்பட்ட புள்ளி அது. வாட்ஸ்அப் குரூப்பில் 'நான் உனக்கு ஃபுல் மார்க் போடுறேன், நீ எனக்குப் போடு' என்று பண்டமாற்று செய்பவர்களும் உண்டு. அவர்களுக்கு சர்டிஃபிகேட் கிடைத்துவிடும். இன்டர்வியூவில் 'ஐந்து நிமிடம் பேசுங்கள்' என்று சொன்னால் அந்த சர்டிஃபிகேட் எழுந்து பேசாது.

குறை சொல்லத் தயங்குவது நம் பழக்கம். கல்யாணப் பந்தியில் சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும், கை கழுவிக்கொண்டு வரும்போது "சாப்பாடு பிரமாதம்" என்றுதான் சொல்வோம். அங்கே அதுதான் நாகரிகம். ஆனால், ஏழு டேக் எடுத்து அனுப்பியவர் காத்திருப்பது அந்த வார்த்தைக்காக அல்ல. ஆபீஸில் ஒருமுறைகூட எழுந்து நின்று பேசாதவர், குழந்தை பிறந்தபின் வேலையை விட்டுவிட்டு மறுபடி முயல்பவர், கடைக் கணக்கை மட்டுமே பார்த்து வந்தவர் என்று பலரும் இப்படிப்பட்ட கோர்ஸ்களில் சேர்கிறார்கள். அவர்களில் சிலருக்கு, தாங்கள் பேசியதை வெளியாள் ஒருவர் முழுதாகக் கேட்பது இதுதான் முதல்முறை. இலவச ஆன்லைன் கோர்ஸ்களில் சேர்பவர்களில் பெரும்பாலோர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அடுத்த வாரம் தொடர்வதா வேண்டாமா என்று ஊசலாடும் ஒருவருக்கு அந்தக் கட்டத்தில் வரும் இரண்டு வரி சின்ன விஷயம் இல்லை.

ஓர் உதாரணம் பார்க்கலாம். ஈரோட்டில் வீட்டிலிருந்தே நைட்டி விற்கும் ஒரு பெண், தொழிலைப் பெரிதாக்கும் திட்டத்தை பிரசன்டேஷனாகக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'குரல் நன்றாக இருக்கிறது, ஸ்லைடு சூப்பர்' என்றால் அவருக்கு என்ன கிடைக்கும்? இப்படி வந்தால்? 'வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பிய நைட்டிகளை என்ன செய்தீர்கள் என்று இரண்டாவது நிமிடத்தில் சொன்னது மனதில் நின்றது. ஆனால், எவ்வளவு முதலீடு வேண்டும் என்பது கடைசி ஸ்லைடில்தான் வருகிறது. அதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டால், மீதியை அந்தக் கணக்கோடு கேட்கலாம்.' பிடித்தது எது, எந்த இடத்தில், மாற்ற வேண்டியது எது, எப்படி... எல்லாம் மூன்றே வாக்கியங்களில் வந்துவிட்டன. ஏ.ஐ.-யிடம் எழுதச் சொல்லி ஒட்டினால் இது வராது. அது அழகான ஆங்கிலத்தில் 'குட் ஜாப்'பையே பத்து வரிக்கு இழுத்துக் கொடுக்கும், வீடியோவைப் பார்த்திருக்காது.

எதிர்த் துருவமும் உண்டு. 'உங்கள் ஆங்கில உச்சரிப்பு மோசம்' என்று மொட்டையாக எழுதுவது. எந்தச் சொல் புரியவில்லை என்று சொன்னால் திருத்திக்கொள்ளலாம், ஆளையே மாற்றிக்கொள்ள முடியுமா? மதிப்பெண் அட்டவணையில் கேட்டிருப்பதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். கேட்பவருக்குப் புரிகிறதா என்பதுதான் கேள்வி. அமெரிக்கர் மாதிரி ஒலிக்கிறதா என்பதல்ல.

பேசுபவர் கவனத்துக்கு

ரிவ்யூ போடுபவரும் போனில்தான் பார்க்கப்போகிறார், அதுவும் பஸ்ஸில் போய்க்கொண்டே பார்க்கலாம். லேப்டாப்பில் தெளிவாகத் தெரியும் எழுத்து ஆறு அங்குலத் திரையில் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும். ஸ்லைடில் எழுத்து 30 பாயின்ட்டுக்குக் குறையக் கூடாது, பத்து ஸ்லைடுக்கு மேல் போகக் கூடாது என்று ஆப்பிளில் பணியாற்றிய கை கவாசாகி சொன்ன கணக்கு உண்டு. முதலீட்டாளர்களிடம் 20 நிமிடம் பேசுபவர்களுக்காக அவர் சொன்னது அது. நான்கு நிமிடத்துக்கு மூன்று ஸ்லைடே தாராளம். ஜன்னலோ டியூப்லைட்டோ, வெளிச்சம் முகத்துக்கு நேராக விழட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுப்பாகத்தான் பதியும். கேமரா கண் உயரத்தில் இருக்கட்டும். அந்த அரிசி டப்பா யோசனை நல்ல யோசனைதான்.

எழுதிவைத்து வாசிப்பது வேண்டாம். கண் இடமிருந்து வலம் ஓடுவது வீடியோவில் அப்பட்டமாகத் தெரியும். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மனப்பாடம் செய்துகொண்டு, நடுவில் உள்ளதைப் பேசிவிடலாம். சின்னத் தடுமாற்றத்துக்காக எட்டாவது டேக் தேவையில்லை.

இன்னொரு விஷயம், பலர் கவனிக்காதது. இந்த வீடியோவைப் பார்ப்பவர்கள் முன்பின் தெரியாதவர்கள். சொந்தக் கடையை உதாரணமாகக் காட்டினால் உண்மையான வங்கிக் கணக்கு விவரம், வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர் எதுவும் ஸ்லைடில் இருக்கக் கூடாது. யூடியூபில் ஏற்றி லிங்க் கொடுக்கச் சொன்னால், 'பப்ளிக்' என்பதற்குப் பதில் 'அன்லிஸ்டட்' என்று வைக்கலாம். லிங்க் இருப்பவர் மட்டும்தான் பார்க்க முடியும். 'பிரைவேட்' என்று வைத்தால் ரிவ்யூ போடுபவருக்கே வீடியோ திறக்காது, மார்க்கும் வராது.

மூன்று பேரின் வீடியோவைப் பொறுமையாகப் பார்த்தவருக்கு ஒன்று நடக்கும். முதல் நபர் ஸ்லைடைப் பார்த்து அப்படியே வாசிப்பார். இரண்டாவது நபர் தன்னைப் பற்றியே ஒரு நிமிடம் பேசுவார். மூன்றாவது வீடியோ முடிவதற்குள், 'அடடா, நாமும் இதைத்தானே செய்தோம்' என்று தோன்றிவிடும். பெரும்பாலான கோர்ஸ்களில் திருத்தி மறுபடியும் அனுப்ப வசதி உண்டு என்பதால், அப்போதும் ஒன்றும் கெட்டுப்போய்விடாது. ஆனால், கடைசி நாள் இரவு 11 மணிக்கு ரிவ்யூவைத் திறப்பவருக்கு அந்த நேரம் இருக்காது. மற்றவர்களுக்கு ரிவ்யூ போட்டு முடிக்கும் வரை சொந்த மார்க்கும் திறக்காது. அதனால் வீடியோவை அனுப்பிய மறுநாளே அந்த மூன்று பேரின் வீடியோவையும் பார்த்துவிடுவது நல்லது.