சந்தாவை நினைவில் வைப்பது யார் பொறுப்பு?

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் சாலையோரச் செல்போன் கடைகளுக்கு இப்போது ஒரு முறையீடு அடிக்கடி வருகிறது. “தம்பி, பேங்க்ல காசு புடிச்சிக்கிட்டே இருக்கான், என்னன்னு பாரு.” போவது 149 ரூபாயாக இருக்கும், 199 ரூபாயாக இருக்கும். கேட்பவர் ஓய்வூதியக்காரராகவோ, பிள்ளைகள் வெளியூரில் இருக்கத் தனியே வசிக்கும் தாயாகவோ இருப்பார். கடைக்காரர் போனை வாங்கிப் பார்த்து, சந்தேகத்துக்குரிய செயலியை அழித்துவிட்டு, “முடிஞ்சுதும்மா” என்று திருப்பிக் கொடுப்பார். அடுத்த மாதமும் பணம் போகும்.

செயலியை நீக்கினால் சந்தா நிற்பதில்லை. போனிலிருந்து செயலியின் படம் மறைகிறது. பணம் எடுக்கக் கொடுத்த அனுமதி அப்படியே உயிரோடு இருக்கிறது. அந்த அனுமதி ஒரே இடத்தில் இருந்தாலாவது தேடிப் பிடித்துவிடலாம். ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோர் வழியாக வாங்கிய சந்தா, பிளே ஸ்டோரில் நம் படத்தைத் தொட்டால் வரும் ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ பகுதிக்குள் இருக்கிறது. ஐபோனில் செட்டிங்ஸைத் திறந்து, மேலே உள்ள நம் பெயரைத் தொட்டு, ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ என்ற இடத்துக்குப் போகவேண்டும். செயலிக்குள்ளேயே யூபிஐ வழியாகக் கட்டியிருந்தால் இந்த இரண்டிலும் அது தெரியாது. கூகுள் பே, போன்பே போன்றவற்றின் ‘ஆட்டோபே’ பகுதியில்தான் தெரியும். கார்டில் கட்டியது வங்கியின் பக்கத்தில் இ-மேண்டேட் என்ற பெயரில் கிடக்கும். இவை எதிலும் சேராமல், சிம் கார்டு இருப்பிலிருந்தே கழியும் காலர் ட்யூன் வகைகள் தனி.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல வீடுகளில் பெரியவர்களின் போனை முதலில் இயக்கித் தந்தது மகனோ, கடைக்காரரோ. அதில் இருப்பது அவர்கள் உருவாக்கிய ஜிமெயில் கணக்கு. சில நேரம் ஒரே போனில் இரண்டு கணக்குகள் இருக்கும். சந்தா போனோடு ஒட்டியதல்ல, வாங்கிய கணக்கோடு ஒட்டியது. தவறான கணக்கில் நின்று தேடினால் ‘சந்தா எதுவும் இல்லை’ என்றே போன் சொல்லும். அம்மா நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்.

மாதம் 199 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2,388 ரூபாய். அப்படி மூன்று இருந்தால் 7,164. மறந்துபோன சந்தாக்களுக்கு ஒரு குடும்பம் கொடுக்கக்கூடிய தொகை இல்லை இது.

இந்திய ரிசர்வ் வங்கி இந்த விஷயத்தில் பல நாடுகளை முந்திக்கொண்டு நல்ல விதி ஒன்றைப் போட்டது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 2019 ஆகஸ்ட் 21 அன்று வந்த அதன் சுற்றறிக்கைப்படி, கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வங்கி வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்பவேண்டும். யாருக்கு, எவ்வளவு, எப்போது, எதற்காக என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். அந்த ஒரு தவணையை மட்டுமோ, மொத்த அனுமதியையுமோ விலக்கிக்கொள்ள வழியும் இருக்கவேண்டும். 2020 ஜனவரியில் இது யூபிஐக்கும் விரிந்தது. தயாராகவில்லை என்று நிறுவனங்களும் வங்கிகளும் கைவிரித்ததால் கெடு தள்ளிப்போய், 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

அதே காலத்தில் கதவும் அகலமாகிக்கொண்டே போனது. ஓ.டி.பி.யோ பின் நம்பரோ கேட்காமல் ஒவ்வொரு தவணையிலும் எடுக்கக்கூடிய தொகை முதலில் 2,000 ரூபாய். பிறகு 5,000 ஆனது. 2022 ஜூனில் 15,000 ஆனது. காப்பீட்டு பிரீமியம், மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பில் ஆகியவற்றுக்கு 2023 டிசம்பரில் ஒரு லட்சம் ரூபாய் வரை உயர்ந்தது. தவணை கட்டத் தவறக்கூடாது என்று நினைப்பவருக்கு இது வசதிதான். ஆனால் எடுக்கும் எல்லை உயர்ந்த அளவுக்கு, எச்சரிக்கும் முறை மேம்படவில்லை.

அந்த 24 மணி நேர முன்னறிவிப்பு எப்படி வருகிறது என்று பாருங்கள். ஆங்கிலத்தில், சுருக்கெழுத்துகள் நிறைந்த ஒரு குறுஞ்செய்தி. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று கேட்கும் விளம்பரங்களுக்கு நடுவே அது வந்து விழுகிறது. செயலியின் பெயருக்குப் பதில் கேள்விப்படாத ஒரு கம்பெனியின் பெயர் அதில் இருப்பதும் உண்டு. ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையோ, தகவல் தெளிவாகவும் குழப்பமின்றியும் புரியக்கூடிய மொழியிலும் இருக்கவேண்டும் என்கிறது. ரெட்டியார்பாளையத்தில் புரியக்கூடிய மொழி எது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்க முடியாது. தமிழில் அனுப்ப வங்கிகளுக்குத் தடையாக இருப்பது தொழில்நுட்பம் அல்ல. விளம்பரங்களை அவை தமிழில் அனுப்பிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஒரு ரூபாய்க்கு ஏழு நாள் என்பது போன்ற சலுகைகள்தான் பலர் மாட்டிக்கொள்ளும் இடம். ஒரு ரூபாய் கட்டுவதாக நினைத்து யூபிஐ பின் நம்பரை அழுத்துகிறோம். ‘இவ்வளவு ரூபாய் வரை, இந்தத் தேதி வரை’ என்ற அனுமதி அதே திரையில் சிறிய எழுத்தில் இருக்கிறது. நாம் போடும் பின் அந்த ஒரு ரூபாய்க்கும் அதன் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், வாடிக்கையாளரை ஏமாற்றும் திரை வடிவமைப்புகள் என்று 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. சந்தாப் பொறி அவற்றில் ஒன்று. நிறுத்தும் வழியை ஒளிப்பதும் அதைச் சுற்றிவளைத்து நீட்டுவதும் மட்டுமல்ல, இலவசச் சந்தாவுக்காகத் தானியங்கிப் பணம் எடுப்புக்கு அனுமதி தரும்படி வற்புறுத்துவதும் அந்த விளக்கத்துக்குள் வருகிறது. விதி தெளிவாகவே இருக்கிறது. ஒரு ரூபாய்ச் சலுகைகளும் தொடர்கின்றன. இலவசம் என்றால்தானே குற்றம், நாங்கள் ஒரு ரூபாய் வாங்குகிறோமே என்று ஒரு நிறுவனம் வாதாட முடிகிற வரை அந்த விதி ஓட்டையுள்ளதுதான்.

இப்படி ஒன்றை நாம் முன்பே பார்த்திருக்கிறோம். கேட்காமலே காலர் ட்யூன் வைத்து, ஜோசியமும் கிரிக்கெட் செய்தியும் அனுப்பி, பிரீபெய்டு இருப்பைக் கழித்துக்கொண்டிருந்த காலம் அது. 2013 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதில் தலையிட்டது. வாடிக்கையாளர் ஒருமுறை சரி என்றால் போதாது, மறுபடியும் கேட்டு உறுதி பெற்ற பிறகே பணம் எடுக்கலாம் என்றது. நிறுத்துவதற்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக 155223 என்ற ஒரே எண்ணையும் வைத்தது. படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்தக்கூடிய ஏற்பாடு அது. இன்றைய ஸ்மார்ட்போன் சந்தாக்களுக்கு அப்படி ஒரு பொதுவாசல் இல்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு சட்டத்தையும் நினைவூட்டலாம். இங்குள்ள குடும்பங்கள் பலவற்றுக்குப் பிரான்ஸில் உறவினர் இருக்கிறார்கள். அங்கே சந்தாவை எப்படி நிறுத்துகிறீர்கள் என்று அவர்களிடமே கேட்டுப் பார்க்கலாம். 2005இல் வந்த ஷத்தேல் சட்டம், தானாகப் புதுப்பிக்கப்படும் சேவை ஒப்பந்தங்களில், வேண்டாமென்று சொல்ல உரிமை உண்டு என்பதை நிறுவனமே உரிய காலத்தில் நினைவூட்டவேண்டும் என்றது. நினைவூட்டத் தவறினால், புதுப்பித்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் செலவில்லாமல் வெளியேறலாம். அடுத்த சட்டம் 2022 ஆகஸ்ட் 16இல் கையெழுத்தானது; 60 ஆண்டுகளுக்கு முன் அதே நாளில்தான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. இணையத்தில் சேரக்கூடிய எதிலிருந்தும் இணையத்திலேயே எளிதாக விலகவும் வழி இருக்கவேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டாயமாக்கியது. 2023 ஜூன் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஜெர்மனி 2022 ஜூலையிலேயே விலகும் பொத்தானைக் கட்டாயமாக்கிவிட்டது.

அமெரிக்கா கொண்டுவந்த இதே போன்ற விதியை, 2025 ஜூலையில் நீதிமன்றம் நடைமுறைக் குறையைக் காட்டி ரத்து செய்தது. ஆனால் பிரைம் சந்தாவிலிருந்து விலகும் வழியை வேண்டுமென்றே கடினமாக்கியதாக அமேசான் மீது தொடுக்கப்பட்ட வழக்கு, 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அந்தப் பணத்தில் 150 கோடி டாலர் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தரவேண்டியது. நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. விலகும் வழிக்கு நிறுவனத்துக்குள் வைத்திருந்த பெயர் ‘இலியட்’ என்று அரசுத் தரப்பு மனு கூறியது. மிக நீண்ட ஒரு போர்க் காவியத்தின் பெயர்!

பிரெஞ்சுச் சட்டத்தின் அடிப்படையை நாம் அப்படியே ஏற்கவேண்டும் என்பது என் கருத்து. நினைவில் வைப்பது பணம் வாங்குபவரின் பொறுப்பு. இன்று நம் நாட்டில் தகவல் அனுப்பினாலே கடமை முடிந்தது. அது புரிந்ததா, பார்க்கப்பட்டதா என்பது வாடிக்கையாளரின் கவலை. ஆறு மாதம் ஒருமுறைகூடத் திறக்கப்படாத செயலிக்கு மாதாமாதம் பணம் எடுக்கும் நிறுவனத்துக்கு, அவர் திறக்கவில்லை என்பது நன்றாகவே தெரியும். எதைப் பார்த்தோம், எங்கே நிறுத்தினோம் என்பதையெல்லாம் கணக்கு வைத்திருப்பவர்கள் அவர்கள். அந்தக் கணக்கு வாடிக்கையாளருக்காகவும் பயன்படட்டும். பயன்படுத்தாத சந்தாவுக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு மறுபடியும் பின் நம்பர் கேட்கவேண்டும்; பதில் இல்லையென்றால் அது தானாக நிற்கவேண்டும். ஒரு ரூபாய்ச் சலுகை முடியும் நாளில் புதிதாக ஒப்புதல் வாங்கவேண்டும்.

பொதுவாசலுக்கு ஒரு தொடக்கம் கண்ணில் படுகிறது. ஒரு செயலியில் கொடுத்த ஆட்டோபே அனுமதிகளை மற்ற யூபிஐ செயலிகளிலும் பார்க்க வழி செய்யுமாறு, தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2025 அக்டோபரில் சொன்னது. இதைக் கார்டுக்கும் விரித்து, வங்கிக் கணக்கின் முதல் பக்கத்திலேயே தமிழில் காட்டச் சொல்லும் அதிகாரம் ரிசர்வ் வங்கிக்கு இருக்கிறது.

அதுவரை, பணம் போய்விட்டதென்று வரும் பெரியவருக்குக் கடைக்காரத் தம்பி செய்யக்கூடியது உண்டு. செயலியை அழிக்கும் முன், பாஸ்புக்கிலோ குறுஞ்செய்தியிலோ அந்தப் பணம் யூபிஐயில் போனதா, கார்டிலா, பிளே ஸ்டோர் வழியாகவா என்று பார்த்து, அந்தந்த இடத்தில் அனுமதியை ரத்து செய்யவேண்டும். வங்கியில் புகார் கொடுத்தும் அது ஏற்காவிட்டால், அல்லது 30 நாளில் பதில் தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தொடர்பு எண் 14448. நிறுவனத்தின் மீதான புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை. 199 ரூபாய்க்காகவும் அங்கே மனு போடலாம்.