வளைந்த வழியும் ஊர் சேர்க்கும்

சிதறால் மலைக்கு ஒருமுறையேனும் ஏறிச் சென்றவர்கள் அங்குள்ள பாறைச் சிற்பங்களை மறந்திருக்க மாட்டார்கள். மார்த்தாண்டத்திற்கு அண்மையில், மரங்கள் அடர்ந்த அம்மலையில், 1,100 ஆண்டுகளுக்கு முன்னர் சமணத் துறவியர் தங்கி வாழ்ந்தனர். குகையை ஒட்டிய பாறை முகப்பில் தீர்த்தங்கரர்களின் திருவுருவங்கள் வரிசையாகப் புடைத்து நிற்கின்றன. அவற்றோடு வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உண்டு. உருவங்களைச் செய்வித்த அச்சணந்தி போன்ற பெரியோரின் பெயர்களை அவை நமக்குச் சொல்கின்றன. 9-ஆம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆண்ட ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் பெயரும் அங்கே காணப்படுகிறது.

செய்வித்தவர்கள் இருந்தமையால் செய்தவன் வாழ்ந்தான். உளி பிடித்த அச்சிற்பியின் வயிற்றுப்பாட்டை அக்காலச் சமூகம் தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்டது. மன்னரும் இல்லை, மடமும் இல்லை என்ற நிலையில் இன்று ஒரு கலைஞனின் உலையில் அரிசி இடுவது யார்? நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றில் எழும் கேள்வி இதுவே. மகன் எந்நேரமும் படம் வரைந்துகொண்டிருக்கிறான். மகள் களிமண்ணில் உருவம் பிடிக்கிறாள். “இதனால் சோறு கிடைக்குமா?” என்று தந்தை கேட்கிறார். அக்கேள்வியைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ரப்பர்ப் பால் வெட்டியும், செங்கற்சூளையில் வெந்தும் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் வேறு எதைக் கேட்பார்கள்? ஆனால் அக்கேள்விக்கு “கிடைக்காது” என்ற ஒரே விடைதான் உண்டு என்று முடிவு கட்டிவிடுவதுதான் சரியன்று.

நம் நாஞ்சில் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. 1908-இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த ஓர் ஏழைச் சிறுவன், டென்னிஸ் ஆடுகளத்தில் பந்து பொறுக்கிக் கொடுத்தான், மளிகைக் கடையில் ஏவல் செய்தான், வில்லுப்பாட்டுப் பாடினான், நாடகக் குழுவில் சேர்ந்தான். அவனே பின்னாளில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் என்று தமிழகம் முழுவதும் போற்றப்பட்டான். கடைவீதியிலும் தெருவிலும் பார்த்துப் பழகிய எளிய மக்களின் பேச்சும் போக்குமே அவர் கலைக்கு மூலதனமாயின.

ஓவியத் துறையிலும் இப்படி வளைந்து வந்த ஒருவரின் வரலாற்றை இங்கே சற்று விரிவாகக் காண்போம். அவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். இளமையிலேயே இயற்கைக் காட்சிகளை வண்ணத்தில் தீட்டும் திறன் அவரிடம் முளைவிட்டது. 17-ஆவது வயதிலேயே சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில் அவருடைய படங்கள் இடம்பெற்றன. இவ்வளவு திறமையுள்ள பிள்ளை நேரே ஓவியப் பள்ளிக்குத்தானே சென்றிருப்பார் என்று எண்ணத் தோன்றும். நடந்தது அதுவன்று. குடும்பப் பாரம் தோளில் விழுந்தது. தந்தித் துறையில் ஊழியரானார். ஆயுள் காப்பீட்டு முகவராகவும் அலைந்தார். வண்ணங்களைக் குழைக்க வேண்டிய கைகள் தந்தித் தாள்களையும் காப்பீட்டுப் படிவங்களையும் புரட்டின.

ஆண்டுகள் கழிந்தன. மற்றவர்கள் வேலையில் ஊன்றி, ஓய்வூதியத்தைக் கணக்கிடத் தொடங்கும் வயதில், 1936-இல், தம் 25-ஆவது வயதில், அவர் சென்னை அரசு ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அதன் தலைவராக விளங்கியவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னைக் கடற்கரையில் நாம் காணும் உழைப்பாளர் சிலையை வடித்தவர் அவரே. அந்த ஆசானிடம் பயின்ற பணிக்கர், பின்னர் அதே பள்ளியில் ஆசிரியரானார். 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1957-இல் தம் ஆசானின் இடத்தில் பள்ளியின் தலைவராகவே அமர்ந்தார்.

அவர் தலைவராக இருந்த காலத்தில் ஒரு துயரம் அவர் கண்ணில் பட்டது. ஆண்டுதோறும் திறமை மிக்க இளைஞர்கள் பயிற்சி முடித்து வெளியேறினார்கள். ஓவியம் விற்றுப் பிழைக்க வழியில்லாமல், கிடைத்த வேலையில் புகுந்து தூரிகையை மறந்துபோனார்கள். தந்தி அலுவலகத்தில் காலம் கழித்த அவருக்கு அந்த வேதனையைப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் கண்ட வழி மிகவும் எளியது. ஓவியர்கள் தம் கையாலேயே கைவினைப் பொருள்களும் செய்து விற்கட்டும். அந்த வருவாயில் உலை கொதிக்கட்டும். எஞ்சிய நேரத்தில் யாருக்கும் அஞ்சாமல் தம் மனம் விரும்பியதை வரையட்டும். பத்திக் எனப்படும் துணி ஓவியம் அவர்களுக்குக் கைகொடுத்தது. துணியில் சாயம் ஏறக்கூடாத இடங்களில் உருக்கிய மெழுகைப் பூசி, சாயத்தில் தோய்த்து, பின் மெழுகை நீக்கினால் கோலம் தெளிவாக எழும். தோல் வேலை, உலோக வேலை ஆகியவற்றையும் செய்தார்கள். அவ்வாறு ஈட்டிய பணத்தைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் என்னும் ஓவியர் கிராமத்தை நிறுவினார்கள். வெறும் மணல் வெளியாகக் கிடந்த இடத்தில் குடிசைகள் எழுந்தன. பிறகு வீடுகள் எழுந்தன. பணிக்கர் 1977-இல் மறைந்தார். அவருடைய மகன் நந்தகோபாலும் சிற்பியாகி அங்கேயே வாழ்ந்து 2017-இல் மறைந்தார். கிராமமோ இன்றும் நிலைத்து நிற்கிறது.

இவ்வரலாற்றில் நம் உள்ளத்தைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. குடும்பத்திற்காக உழைத்த அந்த ஆண்டுகளை வீணாகிப்போனவை என்று நாம் சொல்ல முடியுமா? பசியின் அருமை அறிந்தவர் என்பதால்தான் பிறர் பசிக்கும் அவர் வழி தேடினார். ஓவியப் பள்ளிக்கு நேரே சென்றிருந்தால் சிறந்த ஓவியர் ஒருவர் நமக்குக் கிடைத்திருப்பார். ஓவியர்களை வாழ வைத்த ஒருவர் கிடைத்திருப்பாரோ என்னவோ! புனித சின்னப்பரும் கூடாரம் செய்யும் தொழிலால் தம் கைச்செலவைப் பார்த்துக்கொண்டே நற்செய்தியை அறிவித்தார் அல்லவா? கைத்தொழில் அவருடைய அழைத்தலுக்குத் தடையாகவில்லை, துணையாகவே நின்றது.

எனவே பெற்றோரே, வரையும் பிள்ளையின் தாளைக் கிழித்தெறியாதீர்கள். அதற்காகப் படிப்பைக் கைவிடும்படி அவனை ஏவவும் வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் பட்டப்படிப்பாகவே ஓவியமும் சிற்பமும் பயில, சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன. நமக்கு அண்மையிலுள்ள திருவனந்தபுரத்திலும் கவின்கலைக் கல்லூரி ஒன்று உண்டு. அங்கெல்லாம் அனுப்ப இயலாத வீடுகளும் இருக்கும். அவர்கள் வேறு வேலைக்குச் செல்லும் மகனிடம், “நாள்தோறும் அரைமணி நேரம் வரைந்துகொண்டே இரு” என்று சொல்லலாம். ஒரு வண்ணப் பெட்டிக்குரிய பணத்தைத் திருநாள் செலவில் மிச்சப்படுத்தலாம். மகள் என்றால், “கலியாணத்திற்குப் பிறகு இதெல்லாம் எதற்கு?” என்ற சொல்லை நம் வீட்டில் ஒலிக்காமல் காக்கலாம்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். எல்லோரும் பணிக்கர் ஆவதில்லை. கலையால் மட்டுமே பிழைப்பவர்கள் எக்காலத்திலும் சிலரே. ஆகையால் வீட்டுப் பொறுப்பைத் தட்டிக் கழித்துவிட்டு அதற்குக் கலை என்று பெயர் சூட்டாதீர்கள். சம்பளத்திற்காகச் செய்யும் வேலையை நாணயமாகச் செய்யுங்கள். உங்கள் கைத்திறனையும் உறங்கவிடாதீர்கள். தாலந்து உவமையில் தலைவன் கடிந்துகொண்டது, குறைவாகப் பெற்றவன் என்பதற்காக அன்று. பெற்ற ஒன்றையும் மண்ணில் புதைத்து வைத்தான் என்பதற்காகவே.

சிதறால் மலைப்பாதை வளைந்து வளைந்துதான் ஏறுகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் உச்சி மறைந்துபோனது போலத் தோன்றும். நடையை நிறுத்தாதவனுக்கே அந்தச் சிற்பங்களின் தரிசனம் கிடைக்கும்.